யூனியன் இறங்கிய வருஷம்

ஜூலை 2, ஞாயிறு

1–3. மறுபடியும் தோல்வி.

ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது. ஐந்து தோல்வி, ஒரு டிரா. பன்னிரண்டு கால்பந்து அணிகளில் எங்கள் கன்னிகாபுரம் யூனியனுக்குப் பதினோராவது இடம். கடைசி இரண்டு இடத்தில் நிற்பவர்களை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். நான் இந்த அணியை முப்பத்து நான்கு வருஷமாகப் பார்க்கிறேன். மோசமான வருஷங்கள் உண்டு. இறங்கியது கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ரூத் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தட்டை வைத்தாள். தண்ணீர் லாரி நாளைக்குக் காலை ஐந்து மணிக்காம். குடங்களைக் கழுவி வைத்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் ஸ்டாக் எடுத்தோம். பழைய ஃப்ரேம்கள் இருநூற்றுச் சொச்சம் விற்காமல் கிடக்கின்றன. முதலாளிக்கு எரிச்சல். எனக்கும் எரிச்சல், ஆனால் ஃப்ரேமுக்காக இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

1–4. விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், ஆறரை மணிக்கு ஆரம்பம். இதை ஆட்டம் என்று எழுதக் கை கூசுகிறது.

நான்கு கோலில் மூன்று பக்கவாட்டிலிருந்து வந்த கிராஸ். எல்லாம் ஒரே மாதிரி. எதிராளி ஓரத்திலிருந்து தூக்கிப் போடுகிறான், நம் கோலி தயாளன் நின்ற இடத்திலேயே நிற்கிறான், பந்து அவன் தோளைத் தாண்டிப் போன பிறகுதான் திரும்புகிறான். நேராக வந்த இரண்டு ஷாட்டை மட்டும் பாய்ந்து பிடித்தான். அந்தப் பிடியைப் பார்த்தால் இந்த டிவிஷனிலேயே இவன்தான் கோலி என்று சொல்லலாம். பதினான்கு வருஷமாக யூனியனின் வலையைக் காப்பவன். இப்போது முப்பத்து மூன்று வயது. அதற்குள் இப்படியா ஆகிவிடும்?

தப்பு கோலிக்கு முன்னால் நிற்கிற பேக்குகளுடையது. ஓரத்தில் ஆளைத் தடுக்காமல் விட்டால் கோலி என்ன செய்வான் என்றார் பக்கத்தில் இருந்த நாதமுனி. ஒர்க்ஷாப்பில் ரிட்டையர் ஆனவர், ஆட்டம் தவறாமல் வருவார். எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. நான்காவது கோல் விழுந்ததும் எழுந்து நின்று கத்தினேன். "டேய் தயாளா, கண்ணு தெரியலையாடா?" பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அதையே கத்தினார்கள். தயாளன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஜூலை 12, புதன்

சிலிண்டர் வந்தது. இரண்டாவது கோலி ஜெயசீலனுக்குப் பயிற்சியில் விரல் உடைந்துவிட்டதாம். புது ஆள் பதிவு செய்யும் தேதியும் போன மாதமே முடிந்துவிட்டது. தயாளனை விட்டால் வலையில் நிற்க ஆளில்லை.

ஜூலை 18, செவ்வாய்

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் தயாளன் வந்தான். பார்சல் ஆபீஸ் சட்டையோடு நேராக என் மேஜைக்கு வந்தவன், நடுவில் கிடந்த ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொண்டான்.

"எபியண்ணா, அன்னிக்கு நீதான கத்துன?"

கோபத்தில் கத்திவிட்டேன் என்றேன்.

"அத வுடு. அதான் உங்கிட்டயே வந்தேன். எனக்கு மெய்யாலுமே செரியா தெரியலணா. சாயங்காலம் ஆனா மங்கலாயிடுது. லைட்டு போட்டாலும் பந்து திடீர்னு எங்கேர்ந்தோ வருது. கஸ்தூரிகிட்ட கூட சொல்லல. ஒரு கண்ணாடி கிண்ணாடி போட்டா செரியாவுமா?"

கஸ்தூரி அவன் மனைவி. உட்கார வைத்துச் சோதித்தேன். எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தைய வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தான். பவர் அரைதான். மற்ற சோதனைகளும் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டுவது நல்லதுதான். சீசன் முடியட்டும். நான்கே ஆட்டம்.

"இன்னாணா ஒண்ணும் சொல்ல மாட்டேன்ற? ஆடலாமா?"

"ஆடு," என்றேன். "பவர் ஒண்ணும் பெருசா இல்ல. பகல் வெளிச்சத்துல ஆடு."

"அது என் கையில இல்லியே."

"அத நான் பாத்துக்கறேன்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 19, புதன்

கிளப் செயலாளர் நரசிம்மலு வீட்டுக்குப் போனேன். இரவு ஆட்டத்துக்கு நம் ஆட்கள் வருவதில்லை, பெண்கள் வருவதில்லை, மிச்சம் இருக்கிற நான்கையும் மூன்று மணி ஆட்டமாக மாற்றிக் கேளுங்கள் என்றேன். "நம்ம டீம பாக்க இருட்டுல வந்தா இன்னா, வெளிச்சத்துல வந்தா இன்னா எபி," என்றார். ஆனாலும் லீக் ஆபீசில் பேசி மாற்றிவிட்டார்.

ஜூலை 21, வெள்ளி

காலை ஆறரைக்குப் பயிற்சி மைதானம். தயாளனைத் தனியாக அழைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பந்தை மட்டும் பார்க்காதே, மூன்று எண்ணுவதற்குள் ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம், கழுத்தை முழுசாகத் திருப்பு. கிராஸ் வருமென்று தோன்றினால் கோல் கோட்டிலேயே நில், வெளியே ஓடாதே. ஒரு மணி நேரம் ஓரத்திலிருந்து நானே கையால் பந்தை எறிந்தேன். பதினெட்டில் பதினொன்றைப் பிடித்தான்.

"கழுத்து வலிக்குதுணா," என்றான்.

வலிக்கட்டும்.

ஜூலை 23, ஞாயிறு

1–0. வெற்றி. சீசனில் முதல் வெற்றி.

நல்ல வெயில். தயாளன் நான் சொன்னபடியே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னாப்பா இவன் ரோட்டைத் தாண்டறவன் மாதிரி பார்க்கிறான் என்றார் நாதமுனி. எழுபதாவது நிமிஷத்தில் நேர் எதிரே பத்தடியிலிருந்து அடித்த அடியை ஒரு கையால் தட்டிவிட்டான். பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன், தொண்டை கட்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து கட்டிப் பிடித்தான். அவன் வேர்வை என் சட்டையெல்லாம்.

பத்தாவது இடம். வழியில் ரூத்துக்குப் பூ வாங்கினேன். பல மாதம் கழித்து.

ஜூலை 30, ஞாயிறு

தயாளனையும் கஸ்தூரியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வஞ்சிரம் வறுவல். ரூத் வலப்பக்கமிருந்து தட்டை நீட்டி, "எடுத்துக்கோ தயாளா," என்றாள். அவன் எதிரே இருந்த கஸ்தூரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை வீசினான். தட்டு கீழே போய்விட்டது.

"இவரு இப்பல்லாம் இப்டித்தான் ரூத்தக்கா," என்றாள் கஸ்தூரி. "வாசல்ல பைக்கு நிக்கிறதகூட பாக்காம இட்சிக்கிறாரு. இன்னா யோசனைனே தெரியல."

"மேட்சு யோசனை," என்றான் தயாளன். நானும் ஆமாம் என்றேன்.

அவர்கள் போன பிறகு ரூத் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் கண்ண நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். பவர் ஒண்ணும் இல்ல."

"நான் பவர கேக்கல."

நான் மொட்டை மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து வந்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

1–1. நாங்கள் வாங்கிய கோல் மறுபடியும் கிராஸ்தான். பரவாயில்லை, டிரா. இரண்டு ஆட்டம் மீதி. இரண்டிலும் ஜெயித்தால் தப்பிக்கலாம். ஒன்றில் ஜெயித்தாலும் மற்றவர்கள் தோற்பதைப் பொறுத்துத் தப்பிக்கலாம். இரவெல்லாம் புள்ளிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் தயாளன் இருந்தால்தான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ரூத் பேசுவதைக் குறைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

தயாளன் பார்சல் ஆபீசில் சாயங்கால ஷிப்டிலிருந்து காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டானாம். பயிற்சிக்கு வரவில்லை. போன் செய்தேன்.

"எபியண்ணா, நேத்து படியில வுயுந்துட்டேன். பெருசா ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. இது கண்ணாடியில செரியாவற விசயமா, இல்ல வேற எதுனாவா?"

"ஏன் கேக்கற?"

"நீ அன்னிக்கு ரெண்டு பக்கமும் வெரல வெச்சி ஆட்டன இல்ல. அப்ப உம் மூஞ்சி ஒரு மாரி ஆச்சி."

ரெண்டு ஆட்டம்தானே, அப்புறம் நானே உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். சரிணா என்று வைத்துவிட்டான். நான் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

0–2.

காலையிலிருந்தே மேகம். மூன்று மணிக்கே வெளிச்சம் ஆறு மணி போல இருந்தது. முதல் பாதியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் பாதியில் தூறல் ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டாவது நிமிஷம் கார்னர். கோட்டிலேயே நில் என்று நான் சொல்லியிருந்தேன், அவனும் அப்படித்தான் நின்றான். பந்து பின்கம்பத்துப் பக்கம் வளைந்தது. அது தன்னைத் தாண்டுகிறதென்று தெரிந்ததும் திரும்பிப் பாய்ந்தான். கம்பம் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. முகம் நேராகக் கம்பத்தில் மோதிய சத்தம் எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

பந்து உள்ளே போய்விட்டது. நம் ஆட்கள் நடுவரிடம் ஓடினார்கள். பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

வலது புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது இடது கையால் காற்றைத் துழாவினான். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போக என்னால் முடியவில்லை. "போப்பா, உன்ன தேடறான் பாரு," என்று நாதமுனி என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

இரண்டாவது கோல் எப்போது விழுந்ததென்று எனக்குத் தெரியாது. அப்போது ஆம்புலன்ஸில் இருந்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

புருவத்தில் ஏழு தையல். பொது ஆஸ்பத்திரியிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வலது கண்ணில் விழித்திரை பிய்ந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் என்றார்கள்.

அதற்கு முன்னால் டாக்டரம்மா இரண்டு கண்களையும் நன்றாகப் பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, நேராகத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, தன் விரல்களைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார். கட்டுப் போடாத இடது கண்ணில் விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் "தெரியுது" என்றான்.

வெளியே வந்து கஸ்தூரியிடமும் என்னிடமும் சொன்னார். இது பிறவியிலேயே உள்ள கோளாறு. முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கப் பார்வை மெல்லச் சுருங்கும், கடைசியில் நடுவில் ஒரு ஓட்டை அளவுக்குத்தான் மிஞ்சும். மருந்து கிடையாது. ஆனால் வலது கண் இப்போது போயிருக்கத் தேவையில்லை, அது அடி பட்டதால் வந்தது.

"இந்த நிலைமைல யாரு இவர விளையாட விட்டது? முன்னாடி யார்கிட்டயுமே காட்டலையா?"

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த தயாளன் சொன்னான்.

"யாரும் பாக்கல டாக்டர். நான்தான் யார்ட்டயும் சொல்லல."

ஜூலை 18 அன்று நான் இங்கே எழுதியது முழுசு இல்லை. டாக்டரம்மா செய்த அதே சோதனையை அன்று நானும் செய்தேன். இரண்டு கண்ணிலும். விரல் அன்றைக்கும் அதே இடத்தில்தான் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாகக் கண் பார்க்கிறவன். இதன் பெயர் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 23, புதன்

ரூத்திடம் சொன்னேன். அவள் எழுந்து போகவில்லை, திட்டவுமில்லை. "எனக்குத் தெரியும்ங்க," என்றாள். "நீங்க துணி எடுக்க மேல போனீங்களே, அப்பவே. நான் கஸ்தூரிகிட்ட சொல்லியிருக்கணும். நானும் சொல்லல." பிறகு ஜெபம் செய்ய உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள். வலது கண்ணில் வெளிச்சம் வருவது போவது மட்டும் தெரிகிறதாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கடைசி ஆட்டம். ஜெயித்தால் தப்பிக்கலாம் என்ற நிலைமை அப்போதும் இருந்தது. ஸ்டாப்பர் பேக் சுந்தரமூர்த்தி கையுறை மாட்டிக்கொண்டு வலையில் நின்றான். பாவம், உயரம் மட்டும்தான் இருக்கிறது.

0–6.

ஆட்டம் முடிந்ததும் பசங்கள் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. கத்துவதற்குப் பெஞ்சில் ஆளும் இல்லை. நரசிம்மலு தனியாகக் கொடிக் கம்பத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்தால் எனக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்தேன்.

அங்கிருந்து நேராகத் தயாளன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கண்ணில் பச்சைத் துணி. என் குரலைக் கேட்டதும் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினான்.

"எத்தினிணா?"

"ஆறு."

"அவங்களா?"

"ம்."

"எல்லாம் சைடுலேர்ந்தா?"

"இல்ல. நாலு நேரா வந்தது."

"நேரா வந்ததுனா நான் புட்ச்சிருப்பேன்," என்றான்.

கஸ்தூரி டீ கொண்டுவந்தாள். அவன் கையைப் பிடித்து டம்ளரை அதில் வைத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். கோபமாக எல்லாம் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"எபியண்ணா, நீங்க கண்ணு பாக்கற கடையிலதான கீறீங்க. இவ்ளோ நாளு கூடவே இருந்தீங்க. ஒருவாட்டி நீங்களே பாத்திருக்கக் கூடாதா?"

"அண்ணனுக்கு இன்னா தெரியும் கஸ்தூரி," என்றான் தயாளன் வேகமாக. "வுடு."

"பாத்தேன்," என்றேன்.

தயாளன் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினான். நான் வாங்கி வைத்தேன். "ஜூலையில கடைக்கு வந்தான். பாத்தேன். தெரிஞ்சிது. நாலு மேட்சுதானேன்னு நெனச்சேன்."

கஸ்தூரி என்னையே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நீ கடைக்குப் போனியா?" என்று அவனிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உள்ளே போய்விட்டாள். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே வரவில்லை.

"நீ ஏண்ணா சொன்ன," என்றான் தயாளன். "போ. கெளம்பு."

செப்டம்பர் 7, வியாழன்

தயாளன் போனை எடுப்பதில்லை. மழை. கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, வாரிக் கொட்டினோம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

நாதமுனி வந்தார். இரண்டாம் டிவிஷனில் எப்படியும் அடுத்த வருஷம் ஏறிவிடலாம், மூணு பசங்க புதுசா வரானுங்க என்றார். தலையாட்டினேன். கண்ணாடி காது பக்கம் உறுத்துகிறது என்றார். காம்பை வளைத்துச் சரி செய்து கொடுத்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலை பதினொரு மணிக்குக் கஸ்தூரி கடைக்கு வந்தாள். தனியாக. கையில் ஆஸ்பத்திரி ஃபைல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஊனமுற்றோர் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிப் போடறாங்க. எப்பலேர்ந்து இப்டினு டாக்டரு கேக்கறாரு. முன்னாடி பாத்த சீட்டு எதுனா இருந்தா கொண்டாரச் சொன்னாரு. நீங்க பாத்தேன்னீங்க இல்ல. எழுதிக் குடுங்க."

கடைச் சீட்டை எடுத்தேன். பெயர், வயது எழுதினேன். தேதி, ஜூலை 18. இரண்டு கண்ணின் பவர். கீழே, இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை மிகவும் குறைந்திருந்தது, மாலைக்கு மேல் பார்வை மங்குவதாகச் சொன்னார் என்று எழுதினேன். எங்கள் சீட்டில் கடைசியாக ஆலோசனை என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் படிக்கும்போது மட்டும், எப்போதும் அணியவும், ஆறு மாதம் கழித்து வரவும், இப்படி ஏதாவது எழுதுவேன். அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் படித்தாள். நிதானமாக, வரி வரியாக, உதடு அசையப் படித்தாள். பிறகு காலியான கட்டத்தில் விரலை வைத்துச் சீட்டை மேஜைமேல் என் பக்கம் திருப்பினாள்.

"இது?"

பேனாவைத் திறந்தேன். எனக்குப் பின்னால் முதலாளி ஒருவருக்கு ஃப்ரேம் காட்டிக்கொண்டிருந்தார். ஆடச் சொன்னேன் என்று எழுதினேன்.

அவள் சீட்டை ஃபைலுக்குள் வைத்து, ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.